எந்த மிஷின் நல்ல மிஷின்? குழந்தை ரத்தத்தில் கிருமி தேடிய கதை

நீளமான இழை இது. காய்ச்சல், ரத்தம், பாட்டில், மிஷின், நடுவுல செவ்வாய் கிரகம் கூட வரும். பொறுமை இருக்கிறவங்க கூட வாங்க.

போன மாசம் காவேரிப்பாக்கத்தில் என் கிளினிக்குக்கு ஒரு ஆயா தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு வயசு, ஆறு நாள் காய்ச்சல். குழந்தையோட அம்மா ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. காலையிலேயே கம்பெனி வேன் வந்துடும், லீவு போட்டா சம்பளம் போயிடும். அதனால ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாத்துக்கும் ஆயாதான். கையில் ஒரு விடால் ரிப்போர்ட். "டைபாய்டுன்னு சொல்லி ரெண்டு ஊசி போட்டாங்க டாக்டரு. எறங்கவே இல்ல." என்ன ஊசின்னு சீட்டில் எழுதலை.

பிளட் கல்ச்சர் எடுக்கணும்னு சொன்னேன். பக்கத்தில் இருந்த என் ஜூனியர் கேட்டான்: "சார், பாக்டெக் இருக்கிற லேபுக்கு அனுப்பலாமா, பாக்ட்-அலர்ட் இருக்கிற லேபுக்கா? குழந்தைங்களுக்கு எது பெஸ்ட்?"

நல்ல கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்லலாம், ஆனா நம்ப மாட்டீங்க. அதனால 140 வருஷம் பின்னாடி போய் வருவோம்.

டைபாய்டு கிருமியை 1880ல் எபெர்த், இறந்தவர்களின் மண்ணீரலில் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தார். 1884ல் காஃப்கி அதைத் தனியாக வளர்த்துக் காட்டினார். ஆக, கிருமி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. உயிரோட இருக்கிற நோயாளிகிட்ட அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் அடுத்த சிக்கல். 1896ல் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் ஒரு குறுக்கு வழி சொன்னார். கிருமியைத் தேடாதே, கிருமியை எதிர்த்து உடம்பு செய்த ஆன்டிபாடியைத் தேடு. ஒரு சொட்டு ரத்தம் போதும், சீக்கிரம் பதில் வரும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 1896ல் வந்த டெஸ்டை நம்ம ஊர் டைபாய்டுக்கு இன்னமும் நம்பிக்கிட்டிருக்கோம் என்பது வேற கதை. முன்னாடி எப்பவோ வந்த காய்ச்சலுக்கும், போட்ட தடுப்பூசிக்கும் கூட விடால் பாசிட்டிவ் காட்டும். எந்த மருந்து கேட்கும்னு அது சொல்லவே சொல்லாது.

அதைச் சொல்லணும்னா கிருமியே கையில் இருக்கணும். அதுக்குத்தான் கல்ச்சர்.

கேட்க எளிமையா இருக்கும். ரத்தத்தை எடுத்து, சத்துள்ள திரவத்தில் ஊற்றி, 37 டிகிரியில் வைத்தால் கிருமி பெருகும். ஆனா ரத்தம் சும்மா இருக்காது. உறையும். உறைந்த கட்டிக்குள்ள கிருமி மாட்டிக்கும். ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் சக்தி பாட்டிலுக்குள்ளயும் கிருமியைக் கொல்லும். டைபாய்டு கிருமி இன்னும் தந்திரக்காரன். வெள்ளை அணுக்களுக்கு உள்ளேயே ஒளிஞ்சிருப்பான்.

இதுக்கு 20ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானியர்கள் கண்டுபிடித்த மருந்து: மாட்டுப் பித்தநீர். பித்தம் அணுக்களை உடைக்கும், ரத்தத்தின் கொல்லும் சக்தியை அடக்கும். டைபாய்டு கிருமியை ஒண்ணும் செய்யாது, அவன் பித்தப்பையிலேயே குடும்பம் நடத்துறவன். பித்தநீர் பாட்டில் நம்ம நாட்டு லேப்களில் பல தலைமுறை ஓடியது. 1938 வாக்கில் எஸ்.பி.எஸ் என்ற ரசாயனம் வந்தது. ரத்தம் உறையாமலும் பார்த்துக்கும், ரத்தத்தின் எதிர்ப்பையும் அடக்கும். இன்னிக்கு எந்த கம்பெனி பாட்டிலை எடுத்தாலும் அது உள்ள இருக்கு.

1947ல் மெக்சிகோவில் ரூயிஸ் காஸ்டனேடா ஒரு அழகான வேலை செய்தார். ஒரே பாட்டிலுக்குள் ஒரு பக்கச் சுவரில் கெட்டியான அகார், அடியில் திரவம். தினம் பாட்டிலைச் சாய்த்தால் திரவம் அகார் மேல் ஓடி வரும், கிருமி இருந்தால் அங்கே புள்ளி புள்ளியாக முளைக்கும். மூடியைத் திறக்கவே வேண்டாம். அவர் தேடினது புருசெல்லா, லேபில் வேலை செய்யறவங்களையே தாக்குற கிருமி, அதனால் அந்த யோசனை. டெக்னீஷியன் தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கலங்கியிருக்கா என்று கண்ணால் பார்ப்பார். ஏழு நாள் வரை. இந்தியாவில் மிஷின் இல்லாத லேப்களில் இன்னிக்கும் இதுதான் நடக்குது. கேவலமா நினைக்காதீங்க. நம்ம நாட்டு டைபாய்டு வரலாற்றின் முக்கியமான பக்கங்களெல்லாம் கையால் பார்த்த பாட்டில் காலத்தில் எழுதினதுதான்.

உதாரணத்துக்கு 1972. அதுவரை டைபாய்டுன்னா குளோராம்பெனிகால். 1948லிருந்து அதுதான் மருந்து, கேட்டுச்சு. 1972ல் கோழிக்கோட்டில் மருந்து கேட்காத டைபாய்டு பரவியது. அங்கிருந்து பணிக்கரும் விமலாவும் நேச்சர் இதழில் எழுதினார்கள்: எதிர்ப்புச் சக்தி ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது. அதே ஆண்டு மெக்சிகோவிலும் இதே கதை.

வேலூர் சி.எம்.சி.யில் 1990ல் மேரி ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் லான்செட்டுக்குத் தகவல் அனுப்பினார்கள்: பல மருந்துக்கும் கட்டுப்படாத டைபாய்டு. குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூணும் கேட்காது. பிறகு 1996ல் அதே குழுவிலிருந்து இன்னொரு கட்டுரை. வேலூரில் பழைய மருந்துக்குக் கேட்கிற வகையும் கேட்காத வகையும் ஒரே சமயத்தில் உலவுது என்று. டாக்டருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான நிலைமை. எதிரில் இருக்கிற குழந்தைக்கு எந்த வகைன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டில் ஒண்ணுதான் சொல்லும்.

ஜேக்கப் ஜானைப் பற்றி ஒரு இடைச்செருகல். அடிப்படையில் அவர் குழந்தை மருத்துவர். 1980களில் வட ஆற்காடு மாவட்டத்துக்கு ஒரு நோய்க் கண்காணிப்பு ஏற்பாடு செய்தார். பெயர் நாதி, ஆங்கிலத்தில் மாவட்டப் பெயரின் முதலெழுத்துகளைக் கோர்த்தது. நதின்னும் படிக்கலாம். ஆஸ்பத்திரிகளிடம் அச்சடித்த அஞ்சலட்டை கொடுத்துடுவாங்க. நோயாளி வந்தா நிரப்பி தபாலில் போடணும். அரசு, தனியார் எல்லாரும். மாசத்துக்கு ஒரு தடவை தொகுத்து அவங்களுக்கே திருப்பி அனுப்புவாங்க. 1998ல் லான்செட் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. அன்னிக்கு காவேரிப்பாக்கமும் அந்த மாவட்டம்தான். கம்ப்யூட்டர் இல்ல, செயலி இல்ல, ஒரு அஞ்சலட்டை. எங்க எந்தக் காய்ச்சல் ஓடுதுன்னு தெரிஞ்சது.

இப்போ என் கதை. சொல்லாம போனா இந்த இழை நேர்மையா இருக்காது.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, ஊர் பேர் ஆஸ்பத்திரி பேர் வேண்டாம், ஒரு ராத்திரி ஆறு வயசுப் பையன். பத்து நாள் காய்ச்சல். கல்ச்சர் எடுக்கச் சொன்னாங்க. ரத்த நாளம் கிடைக்கலை. பையன் கத்துறான், அம்மா அழுறாங்க, அடுத்த வார்டில் இருந்து கூப்பிடுறாங்க. மூணு தடவை குத்தி அரை மில்லி கிடைச்சது. பெரியவங்களுக்கான பாட்டில்தான் இருந்தது, எட்டு முதல் பத்து மில்லி ஊற்ற வேண்டியது. அதில் அந்த அரை மில்லியை விட்டுட்டு, லேபிளில் பேர் எழுதி வச்சுட்டுப் போயிட்டேன். எவ்வளவு ரத்தம்னு எழுதலை. ஐந்தாம் நாள் ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை. எல்லாரும் அதை "டைபாய்டு இல்லை"ன்னு படிச்சோம். ஆன்டிபயாடிக்கை நிறுத்தினோம். மூணாவது வாரத்தில் பையனுக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. ஆபரேஷன் செய்து பிழைச்சான். அந்தப் பாட்டில் போனது அருமையான ஆட்டோமேட்டிக் மிஷினுக்குள்ள.

மிஷின் கதைக்கு வருவோம்.

1950களில் கில்பர்ட் லெவின் என்ற அமெரிக்க சுகாதாரப் பொறியாளர் குடிதண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கான்னு சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி யோசித்தார். உணவில் கதிரியக்கக் கார்பன்-14 கலந்து கொடு. கிருமி அதைத் தின்றால் வெளியே விடும் வாயுவில் கதிரியக்கம் வரும். கலங்குறதுக்குக் காத்திருக்க வேண்டாம். இதே யோசனை 1976ல் வைகிங் விண்கலத்தில் செவ்வாய்க்குப் போய், அங்கே மண்ணில் உயிர் இருக்கான்னு தேடியது. ஊர்த் தண்ணித் தொட்டிக்குப் போட்ட கணக்கு!

பூமியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டெப்ளாங்க், வாக்னர் குழு இதே தத்துவத்தை ரத்தத்துக்குப் பயன்படுத்தியது. இவங்க அணு மருத்துவத் துறை ஆட்கள், கிருமியியல் துறை இல்லை. 1971ல் 2,967 கல்ச்சர்களை இப்படிப் பரிசோதித்து வெளியிட்டார்கள். அதுதான் பாக்டெக்கின் தொடக்கம். 1980களில் கதிரியக்கத்தை விட்டுட்டு அகச்சிவப்பு ஒளியால் கார்பன்-டை-ஆக்சைடை அளந்தாங்க. ஆனா ஒரே ஊசி வரிசையா ஒவ்வொரு பாட்டில் ரப்பர் மூடியையும் குத்தி வாயுவை உறிஞ்சும். ஊசி சரியா சுத்தம் ஆகலைன்னா ஒரு பாட்டில் கிருமி அடுத்த பாட்டிலுக்கு! நோயே இல்லாத ஆளுக்கு நோய் இருக்குன்னு ரிப்போர்ட் வந்த சம்பவங்கள் இதனால் நடந்தன.

1990ல் பாக்ட்-அலர்ட். இது உண்மையிலேயே புத்திசாலித்தனம். பாட்டில் அடியில் ஒரு உணர்வட்டு. கிருமி வளர்ந்து கார்பன்-டை-ஆக்சைடு விட்டால் அது நீலப்பச்சையிலிருந்து மஞ்சளாகும். மிஷின் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளிச்சம் அடிச்சுப் பார்க்கும். குத்த வேண்டாம், திறக்க வேண்டாம். கொஞ்ச நாளில் பாக்டெக்கும் ஊசியை விட்டுட்டு ஒளிரும் உணர்வட்டுக்கு மாறியது. மூணாவதா ஒரு கம்பெனி பாட்டிலுக்குள் வாயு அழுத்தம் மாறுறதை அளந்தது. ராத்திரி மூணு மணிக்குக் கிருமி வளர்ந்தாலும் மிஷின் மணி அடிக்கும். ஏழு நாள் ஐந்து நாளாச்சு. டைபாய்டு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாளிலேயே மணி அடிச்சிடும்.

அப்புறம் கம்பெனிப் போட்டி. ஆன்டிபயாடிக் ஏற்கனவே போட்டிருந்தா அதை உறிஞ்சி எடுக்க பாக்டெக் பாட்டிலில் ரெசின் மணிகள். பாக்ட்-அலர்ட் கரியைப் போட்டது. வேலை செய்தது, ஆனா ஸ்லைடு போட்டுப் பார்த்தால் கரித்துகள் நடுவில் கிருமியைத் தேடணும், கண் வலி. பிறகு அவங்களும் மணிகளுக்கு மாறினாங்க. குழந்தைகளுக்குத் தனி பாட்டில் ரெண்டு பேரும் கொண்டுவந்தாங்க. பாக்டெக்கில் ஒண்ணு முதல் மூணு மில்லி சரியான அளவு, பாக்ட்-அலர்ட்டில் நாலு மில்லி வரை. ஒப்பீட்டு ஆய்வுகள் வரிசையா வந்தன. ஒண்ணில் இந்த மிஷின் ஸ்டாஃபைலோகாக்கஸை கூடுதலாகப் பிடிக்கும், இன்னொண்ணில் அந்த மிஷின் சில மணி நேரம் முந்தும். ரெண்டும் நல்ல மிஷின்தான். கையால் பார்க்கிற பாட்டிலை விட ரெண்டுமே வேகம். என் ஜூனியருக்கு நான் சொல்ல வேண்டிய ஒரு வரி இவ்வளவுதான்.

ஆனா குழந்தைகள் விஷயத்தில் இந்த மிஷின் போட்டிக்கு அடியில் ஒரு பழைய நம்பிக்கை கிடந்தது.

1970களில் பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் கிருமிகளை எண்ணிப் பார்த்தவர்கள் பல குழந்தைகளில் நிறைய இருப்பதைக் கண்டார்கள். பெரியவர்களை விட அதிகம். அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது: குழந்தைக்கு அரை மில்லி போதும். பெரிய சௌகரியம். குழந்தையும் அழாது, டாக்டருக்கும் வேர்க்காது. 1990களில் அமெரிக்காவில் கெல்லாக் குழு திரும்ப எண்ணியது. 1997ல் வெளியான ஆய்வில், ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் கிருமி இருந்தவர்களில் 68 சதவீதம் பேருக்கு ஒரு மில்லிக்கு பத்தோ அதற்குக் குறைவோதான். 42 சதவீதம் பேருக்கு ஒண்ணோ அதற்கும் கீழேயோ. 2000ல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளிலும் பார்த்தாங்க. அங்கேயும் குறைந்த எண்ணிக்கைக்காரங்கதான் பாதிக்கு மேல். டைபாய்டில் நிலைமை இன்னும் மோசம். வியட்நாமில் வெய்ன் குழு 1998ல் சொன்னது: நடுமதிப்பு ஒரு மில்லிக்கு ஒரே ஒரு கிருமி. அதிலும் பாதிக்கு மேல் வெள்ளை அணுவுக்குள்ள.

ஒரு மில்லிக்கு ஒண்ணு. அப்படின்னா என்னன்னு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொல்றேன். காவேரிப்பாக்கம் ஏரி தெரியும்ல, பல்லவர் காலத்து ஏரி, பாலாற்றுத் தண்ணி வர்றது. அதில் மீன் இருக்கான்னு பார்க்க ஒரு சொம்பு மொண்டு பார்த்துட்டு, "மீனே இல்ல"ன்னு சொன்னா சிரிப்பீங்க. அரை மில்லியில் நாங்க செய்யறது அதேதான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கிருமி ரத்தத்தில் அங்கங்கே தற்செயலாப் பரவி, மில்லிக்கு ஒண்ணு இருக்குன்னு வைங்க. அரை மில்லி எடுத்தா, நூறு தடவையில் 61 தடவை ஊசியில் ஒரு கிருமி கூட வராது. ஒரு மில்லி எடுத்தா 37 தடவை. மூணு மில்லி எடுத்தா 5 தடவை. கிருமி பாட்டிலுக்குள்ளயே போகலைன்னா, கோடி ரூபா மிஷின் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எதைப் பார்க்கும்? ரெண்டு நல்ல மிஷின்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த ஒப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை.

என் ஆறு வயசுப் பையனோட பாட்டில் அந்த 61ல் ஒண்ணு.

வேலூருக்குத் திரும்புவோம். 1990களில் குரியன் தாமஸ் தலைமையில் சி.எம்.சி.யும் நாட்டின் வேறு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து நிமோகாக்கஸைத் தேடின. 1999ல் லான்செட்டில் வந்தது. நிமோகாக்கஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வளர்ந்து முடிஞ்சா தானாகவே உடைஞ்சு செத்துடும். கையால் பார்க்கிற பாட்டிலை நாள் கழிச்சுத் திறந்தா ஆள் இருக்க மாட்டான். இதில் மிஷினுக்கு உண்மையான மதிப்பு உண்டு, மணி அடிச்ச உடனே எடுத்தா உயிரோட பிடிக்கலாம்.

பிறகு 2017 முதல் 2020 வரை, இந்திய டைபாய்டு கண்காணிப்பு. டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் என நாலு இடத்தில் ஆறு மாதம் முதல் 14 வயது வரையிலான 24,062 குழந்தைகளை வீடு வீடாகத் தொடர்ந்தார்கள். காய்ச்சல் மூணு நாள் நீடித்தால் ரத்தக் கல்ச்சர். வேலூர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான் (பெயர் ஒன்றுதான், மேலே சொன்னவர் டி. ஜேக்கப் ஜான், இவர் வேறு) முதல் ஆசிரியராக 2023ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வெளியானது. கல்ச்சரில் உறுதியானவை 299. லட்சம் குழந்தை-ஆண்டுகளுக்கு நகர்ப்புறங்களில் 576 முதல் 1173 வரை, புனேயின் கிராமப்புறத்தில் 35. நம்ம வேலூர் அந்த நகர்ப்புற வரிசையில் இருக்கு. டைபாய்டு கல்ச்சர் உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் படிங்க. மீதி நாற்பதில் ஒரு பகுதி ஆன்டிபயாடிக் முன்னாடியே போனதால. ஒரு பகுதி, ரத்தம் பத்தாததால.

ஆயாகிட்ட திரும்ப வர்றேன். மூணு மில்லி எடுக்கணும்னு சொன்னதும் சண்டைக்கு வந்துட்டாங்க. "இத்தினியூண்டு புள்ளைகிட்ட அவ்ளோ ரத்தமா? ஒடம்புல என்னாப்பா இருக்குது அதுக்கு?" நியாயமான பயம். குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம். இந்தப் பொண்ணு 13 கிலோ, ஒரு லிட்டருக்கு மேல இருக்கு. மூணு மில்லி அதில் நூத்துல ஒண்ணு கூட இல்லை, கால் பங்கு சொச்சம்தான். டீ கிளாஸைக் காட்டிச் சொன்னேன். "அப்ப ஒரே குத்துல எடு. ரெண்டாவது குத்து குத்துன, நான் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார். ஜூனியர் பாப்பாவைப் பிடிச்சுக்கிட்டான். தோலை ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, காயுற வரைக்கும் காத்திருந்தேன். இந்த அரை நிமிஷத்தைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, அப்புறம் தோலில் இருக்கிற கிருமி வளர்ந்து குழப்பும். ஒரே குத்து. மூணு மில்லி. குழந்தைகளுக்கான பாட்டில், ரெசின் உள்ளது, ஏன்னா அந்த ரெண்டு ஊசி என்னன்னு தெரியலை. லேபிளில் நேரமும் அளவும் எழுதினேன். எந்த ராத்திரியிலும் இப்போ எழுதாம விடறதில்லை.

அடுத்த சிக்கல் ரோடு. காவேரிப்பாக்கத்திலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல. பாட்டில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள மிஷினுக்குள்ள போனா நல்லது. சாயங்காலம் எடுத்து, காலையில் வர்ற கூரியர் பையனுக்காக மேஜையில் வச்சா, வெயில் காலத்தில் கிருமி வழியிலேயே வளர்ந்து முடிச்சுடும். மிஷின் வளர்ச்சியின் ஏற்றத்தைத்தான் பார்த்து மணி அடிக்குது. ஏற்றம் முடிஞ்சு வந்த பாட்டிலைச் சில சமயம் தவற விட்டுடும். சில இடங்களில் நல்லெண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைப்பாங்க, அது இன்னும் மோசம். ஜூனியர் பைக்கில் கிளம்பினான், பாட்டில் சட்டைப் பாக்கெட்டில்.

மறுநாள் ராத்திரி லேபிலிருந்து போன். மணி அடிச்சிருக்கு. அடுத்த ரெண்டு நாளில் முழு ரிப்போர்ட்: சால்மோனெல்லா டைஃபி. சிப்ரோஃப்ளாக்சசின் கேட்காது. செஃப்ட்ரையாக்சோன் கேட்கும், அசித்ரோமைசின் கேட்கும். 2016லிருந்து பாகிஸ்தானின் சிந்து பகுதியில் பரவும் டைபாய்டுக்கு செஃப்ட்ரையாக்சோனும் கேட்பதில்லை. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு எப்பவும் ஒரு நொடி மூச்சு நிற்கும். ஊசி தொடங்கி ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. டைபாய்டில் அவ்வளவு நாள் ஆகும். ரெண்டாம் நாளே இறங்கலைன்னு மருந்தை மாத்தாதீங்க.

எந்த மிஷினில் போட்டாங்கன்னு ஜூனியர் கேட்டான். ரிப்போர்ட்டில் போடலை.

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தாங்க. பாப்பா நடந்து வந்தது, கையில் முறுக்கு. ஆயா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அன்னிக்கு எடுத்த ரத்தம் திரும்ப ஊறிடுச்சா டாக்டரு?" ஊறிடுச்சு ஆயா, அன்னிக்கு ராத்திரியே ஊற ஆரம்பிச்சிருக்கும்னு சொன்னேன். நம்பலை. மாதுளம்பழம் வாங்கித் தரேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

விடால் பற்றி நிறைய பேர் கேட்பீங்கன்னு தெரியும். அதுக்குத் தனி இழை எழுதறேன், இதிலேயே சண்டை வேண்டாம்.